மூன்றாவது சுழி

செருப்புதான். வெறும் செருப்பு. ஒருவன் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனான். இதைச் சொல்வதற்கு இத்தனை நாற்காலி, இத்தனை மைக்கா?

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய முகம், கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் முகமாகவே இருந்தது. பதினோரு வருஷ விரிவுரையாளர் வேலையில் அந்த முகம் அவளுக்கு நன்றாகப் படிந்துவிட்டது. காலையில் தலை வாரும்போதே அதையும் சேர்த்து மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

மேடையில் துறைத்தலைவர் மாணவர் ஆய்வு வாரத்தைத் தொடங்கிவைத்துக்கொண்டிருந்தார். கூடவே, 'காலனியைக் கழற்றுதல்' என்ற தம்முடைய கோட்பாட்டுக்கு இருபது வயது நிறைந்ததையும் கொண்டாடிக்கொண்டிருந்தார். பின்னால் தொங்கிய பதாகையில் ஒரு பெரிய கை உலக உருண்டையிலிருந்து எதையோ தோலுரித்துக்கொண்டிருந்தது. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'காலனி சார்'. அது அவருக்குத் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விஷயம் இதுதான். அந்தக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் அத்தனை பேரும் ஒரே நாவலை ஆய்வு செய்தாக வேண்டும். பேர்பெற்ற போர் நாவல். அறுநூற்று நாற்பது பக்கம். எழுதியவர் செத்து நாற்பது வருஷம் ஆகிறது. தபால் மூட்டை சுமக்கிற ஒரு சிப்பாய் அதில் மலை, சேறு, பனி எல்லாவற்றையும் கடந்து, பாதிக்கு மேல் இறந்துபோனவர்களுக்கான கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கடைசிப் பக்கத்தில் போர் முடிந்து வீட்டுக்கு வருகிறான். கல்லூரி பாடமாக வைத்திருந்த பதிப்பில் முடிவு இப்படி இருந்தது:

'வாசற்படியில் உட்கார்ந்தான். வெகுநேரம் ஆயிற்று. காலனியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான்.'

மூன்று சுழி 'ண' வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி 'ன'. அச்சுக்கோத்தவர் கை தவறிய ஒரு எழுத்து. காலில் போடுவது, நாடு பிடிக்கிறவர்கள் போடுவதாகிவிட்டது.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஆய்வு மாணவராக இருந்த துறைத்தலைவர் அந்த வரியைப் படித்துத் திகைத்துப்போனார். சாதாரணச் சிப்பாய் ஒருவன் ஒரு காலனியையே கழற்றுகிறானே. திகைப்பு தெளிவதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டார். 'வாசற்படி' விடுதலையின் நுழைவாயில். 'வெகுநேரம்' காலனிய நீக்கத்தின் நீண்ட வரலாற்றுக் காலம். 'ஓரமாக' என்பது விளிம்புநிலை. 'உட்கார்ந்தான்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மட்டும் தனி இயல். அது அதிகாரபீடத்தைக் கைப்பற்றுதல். பட்டம் வந்தது, பதவி வந்தது, பின்னாலேயே கல்வெட்டோடு 'காலனி கழற்றல் உயராய்வு மையம்' வந்தது. அந்த மையத்தின் கீழே நாற்பத்தாறு பேர் டாக்டர் ஆனார்கள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பணி நிரந்தரத்துக்கு ஒரு கட்டுரை வேண்டியிருந்தபோது 'காலனியைக் கழற்றுதல்: பெண்ணிய நோக்கு' என்று எழுதினாள். ஆணுக்குக் கழற்ற ஒரு காலனி இருந்தது, பெண்ணுக்கு அதுவும் இல்லை என்பது கட்டுரையின் முடிவு. மூன்று ஆய்விதழ்கள் மறுபிரசுரம் செய்தன.

ஆய்வு வாரம் என்ற ஒன்று வருவதற்கு முன் மாணவர்கள் நாவலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வு கட்டாயமான பிறகு படிக்க நேரமில்லை. ஆய்வு இயக்குநர் வகுத்த விதிகள் சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தன. ஆய்வு அசலாக இருக்க வேண்டும். பழைய ஆய்வுகளோடு நூற்றுக்குப் பத்துக்கு மேல் சொற்கள் ஒத்துப்போனால் கணினி சிவப்பு காட்டும். அதே சமயம், முடிவு பழைய ஆய்வுகளின் முடிவோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் ஆய்வு முறைப்படி நடக்கவில்லை என்று அர்த்தம். ஆக, எல்லோரும் சொன்னதை யாரும் சொல்லாத சொற்களில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். 'போர்' இருந்த இடத்தில் 'சமர்' போட்டார்கள். 'குண்டு விழுந்தது' என்பது 'வெடிகோளம் கீழிறங்கிற்று' ஆனது. ஒருவன் அவசரத்தில் நாவலாசிரியரின் பெயருக்கும் ஒத்த சொல் போட்டுவிட்டான். கணினி பச்சை காட்டியது. அந்த வருஷக் கேடயம் அவனுக்குத்தான்.

களப்பணியும் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் நின்று வருகிறவர் போகிறவரிடம் ஒரு தாளை நீட்ட வேண்டும். 'இந்நாவலில் வரும் போர் தங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறதா, ஓரளவு பிடித்திருக்கிறதா, கருத்து இல்லையா?' பிடிக்கவில்லை என்பதற்குக் கட்டம் கிடையாது. நாவலைப் படித்தீர்களா என்ற கேள்வியும் கிடையாது. அப்புறம், நாவலில் சாகிறவர்களை வண்ண வட்டமாக வரைய வேண்டும். குண்டில் செத்தவர்கள் நீலம், காய்ச்சலில் செத்தவர்கள் மஞ்சள், மிச்சம் 'இதர'. பதினோரு வருஷமாக அவள் அந்த வட்டங்களைத் திருத்தியிருக்கிறாள். 'இதர'வில் ஒரு சதவீதம் குறைந்தால் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறாள். அந்த ஒரு சதவீதத்தில், தன் பேருக்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே செத்துப்போகிற ஒரு பதினேழு வயதுக்காரன் இருந்தான். அவனை அவள் எண்ணிக்கை சரியாக வரவேண்டும் என்பதற்காக மட்டும் தேடியிருக்கிறாள்.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒருத்தி நாவலைப் படித்துத் தொலைத்தாள்.

அந்த மாணவிக்கு வகுப்பில் 'அடிக்குறிப்பு' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்பாள். ஆய்வு வாரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, மதியச் சாப்பாட்டு வேளையில், ஆசிரியர் அறைக்குள் ஒரு நோட்டோடு வந்து நின்றாள்.

"மேடம், பூட்ஸ் இருநூத்திப் பதினாலு தடவை வருது."

"எதுல?"

"நாவல்ல. எண்ணிட்டேன்."

"நாவலையா படிச்சே?" கேட்ட பிறகுதான் தன் குரலில் இருந்த அதிர்ச்சி அவளுக்கே உறைத்தது.

"ரெண்டு தடவை மேடம்." குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தாள். நாவல் முழுக்க பூட்ஸ்தான். நனைந்த பூட்ஸ், அளவு சேராத பூட்ஸ், அடி பிளந்து கயிற்றால் கட்டின பூட்ஸ். கடைசி வரியில் மட்டும் பூட்ஸ் என்ற சொல்லே இல்லை. அவ்வளவு பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தவன் அதைக் கழற்றாமல் எப்படி வீட்டுக்குள் போவான்?

"எங்கப்பா பூட்ஸ் கம்பெனியில லேஸ் கோக்குற கண்ணு அடிக்கிற மெஷின்ல இருக்காரு மேடம். இருபத்திரண்டு வருஷம். சிப்பாய் பூட்ஸுக்குப் பதினாறு கண்ணு. அதை நின்னுக்கிட்டுக் கழட்ட முடியாது. உக்காந்துதான் ஆகணும். அதான் உக்காந்தான். அதான் வெகுநேரம்."

அவளுக்குத் துறைத்தலைவரின் ஆய்வேட்டில் இருந்த நான்காம் இயல், 'அதிகாரபீடத்தைக் கைப்பற்றுதல்', தலைப்பும் துணைத்தலைப்புமாக நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

மாணவி அத்தோடு விடவில்லை. நூலகத்தில் முதல் பதிப்பு ஒரு படி இருந்தது; 'அரிய நூல்' என்று முத்திரை குத்தி இரும்பு அலமாரியில் பூட்டியிருந்தார்கள். பார்க்க வேண்டுமானால் விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் மாணவி உள்ளதை எழுதினாள்: 'ஒரு எழுத்தைப் பார்க்க.' நூலகர் நல்ல மனிதர். ஒரு எழுத்துக்கு ஒரு மணி நேரம் எதற்கம்மா, ஐந்து நிமிஷம் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிஷமே அதிகம். முதல் பதிப்பின் கடைசி வரியில் மூன்று சுழியும் அழுத்தமாக, பழைய ஈயத்தின் குழியோடு உட்கார்ந்திருந்தன. காலணி.

"நாவல் முழுக்க பூட்ஸ்னு எழுதினவரு, கடைசியில மட்டும் காலணின்னு எழுதியிருக்காரு மேடம். வாசலுக்கு வந்ததும் அது பூட்ஸ் இல்ல. எல்லாரும் கழட்டிப் போடுற மாதிரி காலுல போடுற ஒண்ணு. அந்த ஒரு சொல்லுலதான் அவனுக்குப் போர் முடியுது. இதைத்தான் ஆய்வா எழுதப்போறேன். எழுதலாமா?"

எழுது, என்றாள் அவள். எழுதாதே என்று சொல்ல அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த நாவலை அவள் முதன்முதலில் படித்தது இந்தக் கல்லூரியில் அல்ல. பத்தொன்பது வயதில், அட்டை கிழிந்த ஒரு வாடகைப் புத்தகத்தில் படித்தாள். கடைசி வரியில் அழுதாள். காலனியக் கோட்பாட்டுக்காக யாரும் பத்தொன்பது வயதில் அழுவதில்லை. அப்படியானால் அன்றைக்கு அவள் படித்த சொல் எது?

அது அவளுக்குத் தெரியும். எப்போதும் தெரிந்துதான் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் அவளுடைய அண்ணன் எல்லையிலிருந்து திரும்பிவந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து, உள்ளே வராமல் வெகுநேரம் குனிந்தே இருந்தான். அம்மா கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முழங்கையைப் பிடித்தபடி இவள். இதை வைத்துக்கொண்டுதான் அந்த வரியைப் படித்தாள். இதை வைத்துக்கொண்டேதான், பின்னால் ஒரு நாள், வகுப்பில் நின்று, 'ஓரமாக என்பது விளிம்புநிலை, குறித்துக்கொள்ளுங்கள்' என்றும் சொன்னாள். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சம்பளம் மாதக் கடைசியில் ஒழுங்காக வந்தது, அவ்வளவுதான். அவளுக்கு வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே இருந்தது. அந்தப் பாதிதான் அதிகம் சுட்டது.

பேருந்திலிருந்து இறங்கியதும் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் இப்போது மின்விசிறி, மோட்டார் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான்.

"அண்ணா, நீ திரும்பி வந்த அன்னைக்கு வாசல்ல ஏன் அவ்வளவு நேரம் உக்காந்திருந்தே?"

"இதைக் கேக்கவா போன் பண்ணினே? லேஸ் நனைஞ்சு இறுகிப்போச்சு. வேற என்ன."

பின்னால் ஒரு மோட்டார் ஓடி நின்றது.

"உள்ள வரணுமான்னும் இருந்துச்சு," என்றான் அண்ணன். "வை, கடையில ஆள் நிக்குது."

ஆய்வு வாரத்தின் கடைசி நாளில் வாய்மொழித் தேர்வு ஆய்வு இயக்குநரின் அறையில் நடந்தது. அந்த அறைக்குப் போன வருஷம்தான் புதுக் கம்பளம் விரித்திருந்தார்கள். அன்று முதல் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: 'காலனிகளை இங்கே கழற்றி விடவும்.' அதன் கீழே துறைத்தலைவர் ஒற்றைக் காலில் தள்ளாடி நின்று தம்முடைய ஷூவைக் கழற்றினார். வரிசையில் நின்ற மாணவி பலகையைப் படித்தாள், ஷூவைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினோரு மாதமாக அந்தப் பலகையின் கீழ் செருப்பை விட்டுவிட்டுப் போய்வந்த அவளும் அன்றுதான் அதைப் படித்தாள்.

குழுவில் ஐந்து பேர். இயக்குநர், துறைத்தலைவர், மேற்பார்வையாளர் என்ற முறையில் அவள், வெளியிலிருந்து வந்த தேர்வாளர்கள் இருவர். அந்த இருவரும் நாற்பத்தாறு டாக்டர்களில் இரண்டு பேர். மாணவி பதற்றமில்லாமல் பேசினாள். இருநூற்றுப் பதினாலு பூட்ஸையும், பதினாறு கண்ணையும், முதல் பதிப்பையும் சொன்னாள்.

முதலில் பேசியவர் இயக்குநர். புள்ளியியல் படித்து நிர்வாகத்துக்கு வந்தவர். நாவல் எதையும் படிக்காததால் தம்மிடம் சார்பு கிடையாது என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். மாணவியின் வேகத்தைப் பாராட்டினார். ஆனால் தரம் என்றால் என்ன என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "மாறாம இருக்கறதுதாம்மா தரம். போன வருஷம் காலனி, இந்த வருஷம் செருப்புன்னா, எங்களை மதிப்பிட வர்ற குழு என்ன நினைக்கும்?"

வெளித்தேர்வாளர்களில் ஒருவர், களஆய்வில் எத்தனை சதவீதம் பேர் செருப்புக்கு ஆதரவு தெரிவித்தார்கள் என்று கேட்டார். களஆய்வு செய்யவில்லை, புத்தகத்தைப் பார்த்தேன் என்றாள் மாணவி. ஒரே ஒரு படியைப் பார்த்து முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது என்று இன்னொருவர் வருத்தப்பட்டார்.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"முதல் பதிப்பை நான் பார்த்ததில்லைன்னு நினைக்கிறியாம்மா? பதினெட்டு வருஷம் முன்னாடியே பார்த்துட்டேன். பார்த்துட்டு மூடிவெச்சேன். அதுக்கு அரிய நூல்னு முத்திரை குத்தச் சொன்னது யாரு? நான்தான். அந்த அலமாரிக்குப் பூட்டு என் கைக்காசுல வாங்கினது. ஏன்? பொறுப்பு. அந்த ஒரு எழுத்தை நம்பி ஒரு துறை நிக்குது. நாப்பத்தாறு குடும்பம் சாப்பிடுது." தண்ணீர் குடித்துவிட்டு இன்னும் இதமாகத் தொடர்ந்தார். "எழுதினவர் செருப்பைத்தான் எழுதினார். நான் இல்லேங்கல. அவருக்கு எட்டினது அவ்வளவுதான். அச்சுக்கோத்தவன் கையில வரலாறே வந்து உக்காந்து, காலனின்னு கோத்துக் குடுத்துச்சு. புத்தகத்துல என்ன இருக்குங்கறதைக் கண்டுபிடிக்க எதுக்கும்மா ஆய்வு? அதுக்குப் படிச்சாப் போதுமே."

வெளித்தேர்வாளர்கள் இருவரும் இதைக் குறித்துக்கொண்டார்கள்.

இயக்குநர் விஷயத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். நாவலின் கடைசி வரியில் இருப்பது இரண்டு சுழிதான் என்போர் கை தூக்கலாம். நான்கு கைகள் எழுந்தன. மூன்று சுழி என்போர்? அவளுடைய கை மேசைக்கு அடியில், மடியில் கிடந்தது. தூக்கு, என்று அதற்குச் சொன்னாள். அது அடுத்தவர் வீட்டுக் கை மாதிரி அசையாமல் இருந்தது. மாணவி அவளைப் பார்க்கவில்லை; பார்க்கக் கூடாது என்று சிரமப்பட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஒருவர் நடுநிலை' என்று பதிவு செய்தார்கள்.

தீர்மானம் இரண்டே வரி. ஆய்வேட்டில் நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மாணவியின் கவனக்குறைவால் எழுத்துப்பிழை நேர்ந்துள்ளது. அலுவலகம் அவற்றைத் திருத்தி, மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு ஏற்றுக்கொள்ளும். மாணவிக்கு முதல் வகுப்பு.

திருத்துகிற வேலை ஆய்வுப் பிரிவு எழுத்தருக்குப் போயிற்று. அவர் நாள் முழுக்க இருநூறு கோப்புகளைப் பார்க்கிறவர். கணினியில் இரண்டு பொத்தானை அழுத்தினார். நூற்றுப் பன்னிரண்டு 'காலணி'யும் ஒரு நொடியில் 'காலனி' ஆயின. அச்சிட்டுக் கட்டி, தங்க எழுத்தில் தலைப்புப் பொறித்து, மறுநாள் காலையில் அவள் மேசைக்கு அனுப்பிவிட்டார். கையொப்பம் மாலை ஐந்து மணிக்குள் வேண்டும் என்று மேலே ஒரு மஞ்சள் தாள்.

அவள் புரட்டினாள். நாற்பதாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பாடநூற் பதிப்பில் காலனி என்று உள்ளது. இது பிழை. முதல் பதிப்பில் காலனி என்று உள்ளது. இதுவே சரி. காலனி என்பது வேறு, காலனி என்பது வேறு.' ஐம்பதாம் பக்கத்தில், பதினாறு கண் உள்ள காலனியை நின்றுகொண்டு கழற்ற முடியாது என்று இருந்தது. படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முதல் பக்கத்துக்கு வந்தாள். சிரிப்பு நின்றது.

'காலனித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உழைக்கும் என் அப்பாவுக்கு.'

மாணவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

"பார்த்துட்டேன் மேடம். ஆபீஸ்லயே காட்டினாங்க. முதல் பக்கத்தை மட்டுமாவது மாத்தித் தாங்கன்னு கேட்டேன். ஒண்ணை மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும், சிஸ்டம் ஒத்துக்காதுன்னாங்க."

"உக்காரு."

மாணவி உட்காரவில்லை. "அப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாரு. ஆனா படிப்பாரு. ஒரு மாசமா அந்தப் பக்கத்தைக் கேட்டுட்டே இருக்காரு. இதைக் காட்டினா, நான் எந்தக் காலனியில வேலை பார்க்கறேன்னு கேப்பாரு."

கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே முதல் வகுப்பு, போடாவிட்டால் ஆய்வு நிலுவையில் விழும், பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும், மேற்படிப்பு இடமும் நிச்சயமில்லை. அவள் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போதே, தான் யாருக்காக இவ்வளவு விவரமாகச் சொல்கிறோம் என்ற சந்தேகம் வந்தது. அந்தப் பெண்ணின் வாயால் 'போட்டுடுங்க மேடம்' என்று வந்துவிட்டால் நிம்மதியாகப் போட்டுவிடலாம்.

"தெரியும் மேடம்," என்றாள் மாணவி. "நிலுவையில போகட்டும். ஆறு மாசம்தானே. அப்பா மெஷின் பக்கத்துல பேக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்க. இதுல என் பேர் இருக்க வேண்டாம்." போகத் திரும்பியவள் நின்றாள். "நீங்க போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். நான் அதைக் கேக்க வரல. நான் மூணு சுழிதான் போட்டேன்னு உங்களுக்காவது தெரியணும். அதான் வந்தேன்."

நாலரை மணிக்கு இயக்குநர் அறையிலிருந்து ஆள் வந்தது. அவள் பலகையின் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் நடந்தாள். துறைத்தலைவரும் இருந்தார். மேசைமேல் அந்த ஆய்வேடு. முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர் சான்றிதழ் விரிந்து கிடந்தது. 'மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்த எழுத்துப்பிழைகள் அனைத்தும் என் நேரடிப் பார்வையில் களையப்பட்டன.' கீழே அவளுக்காக ஒரு புள்ளிக்கோடு.

இயக்குநர் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். மாணவியின் எதிர்காலத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். மையத்துக்கு ஒரு துணை இயக்குநர் தேவைப்படுவதையும், பெண்ணாக இருந்தால் மதிப்பீட்டில் இரண்டு புள்ளி கூடும் என்பதையும் இடையில் சொல்லிவைத்தார். துறைத்தலைவர் அவளுடைய பழைய கட்டுரையை நினைவுபடுத்தினார்.

"பெண்ணுக்குக் கழற்றக் காலனியே இல்லைன்னு எழுதினீங்களே மேடம். என்ன ஒரு வரி. நான் இன்னும் வகுப்புல சொல்றேன்."

வாசலில் குனிந்தபடி இறுகின முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த முதுகு ஒன்று அவள் கண்ணுக்குள் இருந்தது. அந்த முதுகை உலக உருண்டையாக வரைந்த பதாகையும் இருந்தது. அதன் முன்னால் கைதட்டியவர்களில் தானும் ஒருத்தி.

"பேனா இருக்கா?" என்று கேட்டாள்.

இருவருக்கும் முகம் மலர்ந்தது. இயக்குநர் தம்முடைய சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். நல்ல பேனா. மூடியைக் கழற்றினாள். மேசைக்கு அடியில் செத்துக்கிடந்த கை இப்போது சொன்னபடி கேட்டது. சான்றிதழைத் தாண்டி, பக்கத்தில் இருந்த முதல் பக்கத்துக்குப் போனாள். 'காலனித் தொழிற்சாலையில்' என்ற இடத்தில் 'ன'வின் பக்கத்தில் இடம் குறைவாகத்தான் இருந்தது. நெருக்கி, மை பரவாமல், ஒரு சின்னச் சுழி போட்டாள். ஊதி உலர்த்தினாள். நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று.

பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

இயக்குநர் சான்றிதழை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "கையெழுத்து, மேடம்?"

"போட்டுட்டேன் சார்," என்றாள் அவள், எழுந்துகொண்டே. "ஒரு எழுத்து. என் கையால அதுதான் வரும்."